மறந்த கைக்கு மீண்டும் பாடம்



கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே போகும் சாலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே உள்ளது கோலா தெர்லா. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் காய்கறித் தோட்டங்கள். காலையில் மூடுபனி விலகுவதற்குள் வேலைக்குக் கிளம்பும் மக்கள். இங்கே கையை நம்பித்தான் பிழைப்பு. கொழுந்து பறிக்கவும், கத்தரி பிடிக்கவும், மருந்தடிக்கவும், மூட்டை தூக்கவும் கை வேண்டும். அந்தக் கை ஒருநாள் வேலை செய்யாமல் போனால், அதைவிடப் பெரிய துன்பம் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு வேறென்ன இருக்க முடியும்?

பக்கவாதம், பாரிசவாதம், ஸ்டிரோக் என்று நாம் பல பெயரால் அழைக்கும் அந்த நோயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நோயின் மருந்துகளைப் பற்றி அன்று. நோய் வந்து போன பிறகு, மறந்துபோன உடம்பை மனிதன் மீண்டும் எப்படி அறிந்துகொள்கிறான், அந்த வழியை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்னும் வரலாற்றைக் காண்போம். இதில் நம் தமிழ்நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த வரலாற்றை நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. இளமையில் கூடை சுமந்து, இரண்டு கையாலும் கொழுந்து பறித்தவர். ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்பதைக் கண் பார்க்கும் முன்பே அவருடைய விரல்கள் அறிந்துகொள்ளும். அப்படிப்பட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டாம் இரவு எங்களைக் கூப்பிட்டார். போர்வைக்குள் கிடந்த தம் இடக் கையைக் காட்டி, “இது யாரு கை? யாரு என் பக்கத்துல படுத்திருக்கா? எடுக்கச் சொல்லு கண்ணு” என்றார்.

எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், காத்துக் கருப்பு ஏதாவது இருக்கும் என்றார். இரண்டும் தவறு. பேரப் பிள்ளைகளின் பெயரையும், எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பதையும் அம்மா சரியாகவே சொன்னார். அவர் மறந்தது ஒன்றே ஒன்று: தம் இடப் பக்க உடம்பு.

நேயர்களே, இது எப்படி நேர்கிறது?

நம் தலைக்குள் இருக்கும் மூளையின் வலப் பாதி உடம்பின் இடப் பக்கத்தையும், இடப் பாதி வலப் பக்கத்தையும் ஆள்கின்றன. தலையில் ஒரு பக்கம் அடிபட்டால் உடம்பின் மறு பக்கம் விழுந்துவிடும் என்பதைப் பண்டைய கிரேக்க மருத்துவர் அரிதேயசு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். ஆனால் திடீரென்று மனிதன் சாய்ந்து விழுவதன் காரணம் நெடுங்காலம் தெரியவில்லை. 1658-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யொஹான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டார். மூளைக்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது என்னும் அறிவு இவ்வாறு தொடங்கியது. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் கடைசிப் பாத்தி காய்கிறது. வாய்க்கால் உடைந்தாலும் அதே பாத்தி அழிகிறது. மூளையிலும் அப்படித்தான்.

காரணம் தெரிந்தது. ஆயினும் ‘இது என் கை அன்று’ என்று ஒருவர் ஏன் சொல்கிறார் என்பது அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

அந்தப் புதிரை அணுகியவர்களில் ஒருவர் இலண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட். தொட்டால் எப்படித் தெரிகிறது என்று நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அவர், 1903-இல் தம் இடக் கையின் நரம்பு ஒன்றையே அறுத்துத் தைக்கச் செய்தார். பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அவருடைய நண்பர் வில்லியம் ரிவர்ஸ் ஊசி, பஞ்சு, சூடு, குளிர் எனப் பலவற்றால் அந்தக் கையைச் சோதித்து, உணர்ச்சி எந்த வரிசையில் திரும்புகிறது என்று எழுதி வைத்தார். ஊசிக் குத்தும் கடுமையான சூடும் குளிரும் முதலில் தெரிந்தன. பஞ்சு தொடுவது போன்ற மெல்லிய உணர்ச்சி நெடுநாள் கழித்தே வந்தது. ஹெட் கூறிய விளக்கங்கள் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் உணர்ச்சி என்பது ஒன்றன்று, பல. அது படிப்படியாகத் திரும்பக் கூடியது என்பதைத் தம் கையையே பணயம் வைத்து அவர் காட்டினார்.

1911-இல் ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்னும் மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து இன்னொரு கருத்தை வெளியிட்டார். நம் உடம்பு எப்படி நிற்கிறது, கை எங்கே, கால் எங்கே என்பதற்கு ஓயாமல் திருத்தப்படும் ஒரு படம் மூளைக்குள் இருக்கிறது என்பதே அது. தொப்பியில் இறகு செருகிய பெண் அந்த இறகின் நுனி வரை தன் உடம்பாக உணர்கிறாள் என்று அவர்கள் எழுதினார்கள். நமக்கு அந்த இறகு வேண்டாம், கூடையே போதும். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிய பெண், இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே திரும்பும்போது கூடை செடியில் சிக்காமல் திரும்புகிறாள் அல்லவா? முதுகில் கண் இல்லை. மூளையின் படத்தில் அந்தக் கூடையும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிகிறதா? தசையிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும் செய்திதான் அதற்குக் காரணம். இவ்வுணர்வுக்கு 1906-இல் தனிப் பெயரே சூட்டி விளக்கினார் சார்லஸ் செரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர். தமிழில் அதைத் ‘தன்னிலை உணர்வு’ எனலாம்.

அந்தச் செய்தியை வாங்கும் இடம் மூளையில் பழுதானால் என்ன ஆகும்? படத்திலிருந்து அந்த உறுப்பே அழிந்துவிடும். 1914-இல் பாரிஸ் நகர மருத்துவர் ஜோசப் பபின்ஸ்கி, இடப் பக்கம் முற்றும் விழுந்திருந்தும் அதை அறியாத நோயாளிகளைப் பற்றி எடுத்துரைத்தார். பொய் சொல்வதும் அன்று, பிடிவாதமும் அன்று. நோயே அந்த அறியாமையை உண்டாக்குகிறது என்று உலகம் கற்றது. மூளையின் வலப் பாதி பழுதாகி, இடப் பக்கம் விழுந்தவர்களிடம்தான் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தட்டில் வலப் பாதிச் சோற்றை மட்டும் உண்டு, இடப் பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். இடப் பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால், தயவு செய்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் உங்களை அலட்சியம் செய்யவில்லை.

கனடா நாட்டின் மொன்றியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்குரியது என்று ஒரு வரைபடத்தை 1937-இல் வெளியிட்டார். முதுகுக்கும் வயிற்றுக்கும் சிறிய இடமே. உதட்டுக்கும் கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம். அந்த வரைபடத்தைப் புத்தகத்தில் பார்த்தபோது அம்மாவின் விரல்கள்தாம் எங்கள் நினைவுக்கு வந்தன.

இனி நம் வீட்டில் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் மேல் உள்ள பாசத்தால் நாங்களே எல்லாம் செய்தோம். சோறு ஊட்டினோம். தலை வாரினோம். மலைக் குளிர் தாக்கக் கூடாது என்று அந்த இடக் கையைக் கம்பளித் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்தோம். நாள் முழுவதும் அந்தக் கை யார் கண்ணிலும் படவில்லை, அம்மாவின் கண்ணில்கூட. இரண்டு மாதம் இப்படிச் சென்றது. ஒருநாள் மாலை, சூடான தேநீர்க் குவளையை அவர் மடியருகே வைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்து பார்த்தால், கம்பளியிலிருந்து நழுவிய இடக் கை அந்தக் குவளையோடு ஒட்டிக் கிடக்கிறது. அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். விரல்களில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

வலி ஒரு காவல்காரன் என்பதை அன்று உணர்ந்தோம். இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னவர் நம் தமிழ்நாட்டு மலையில் பிறந்த ஒருவர்தாம். பெயர் பால் பிராண்ட். மதபோதகர்களான ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி உதிர்ந்துவிடும் என்றே பலரும் நம்பினர். பிராண்ட் உற்றுப் பார்த்தார். உணர்ச்சி அற்றுப்போன கையில் சூடு பட்டாலும், வெட்டுப் பட்டாலும், எலி கடித்தாலும் தெரிவதில்லை. அந்தக் காயங்கள் மேலும் மேலும் சேர்ந்துதான் விரல்கள் குறைகின்றன என்று கண்டறிந்தார். உணர்ச்சியற்ற கையைக் கண்ணால் காக்க வேண்டும் என்பது அவர் தந்த பாடம்.

மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் இணைக்கும் அறுவையையும் அவர் வேலூரில் செய்தார். அறுவையோடு வேலை முடிந்துவிடாது. வேறொரு வேலை செய்துவந்த தசைநாண் இப்போது புது வேலை செய்ய வேண்டும்; மூளை அதைப் புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி செய்து, ஏழைத் தொழிலாளிகள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அதே கல்லூரியில் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் 1925-இல் பிறந்தவர். 1954 சனவரியில் இளம் மருத்துவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்து, அவருடைய முதுகுத் தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வாழ்வு முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் புகழ்பெற்ற மறுவாழ்வு மருத்துவரின் நிலையத்திலும் பயின்று வேலூர் திரும்பினார். 1966-இல் அங்கே, நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் தோன்றியது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் மறைந்தார். நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தம் உடம்பில் பாதியை உணராத ஒருவர், மற்றவர்கள் உடம்பை மீண்டும் அறிய வழிகாட்டினார் என்பது சிறிய செய்தியா?

பக்கவாதத்துக்கு வருவோம். நெடுங்காலம் வரை, விழுந்த கையை விட்டுவிட்டு, நல்ல கையைக் கொண்டு வாழப் பழக்குவதே வழக்கம். இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் பெர்தா போபத் முக்கியமானவர். ஜெர்மனியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, நாஜி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி இலண்டன் வந்தவர். 1943-இல் பக்கவாதம் கண்ட ஓவியர் ஒருவருக்குப் பயிற்சி அளித்தபோது, விறைத்துப்போன கையை உரிய நிலையில் வைத்து மெல்ல அசைத்தால் விறைப்புத் தணிவதைக் கவனித்தார். விழுந்த பக்கத்தை ஒதுக்காமல் அதற்கே பாடம் நடத்த வேண்டும் என்னும் முறையை, மருத்துவரான தம் கணவர் காரலுடன் சேர்ந்து வளர்த்தார்.

1959-இல் நியூயார்க்கில் பெத்ரோ பாக்-இ-ரீதா என்னும் கல்லூரிப் பேராசிரியருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் இல்லை, நடையும் இல்லை. அவருடைய இளைய மகன் ஜார்ஜ் அப்போது மருத்துவ மாணவர். பயிற்சி முறை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆகவே, ‘குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ, அப்படியே அப்பாவும் கற்கட்டும்’ என்று எண்ணித் தந்தையைத் தரையில் தவழவிட்டார். முதியவரைத் தவழவிடலாமா என்று அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். மகன் கேட்கவில்லை. கோலி விளையாட்டும் பாத்திரம் கழுவுவதும் தந்தைக்குப் பயிற்சியாயின. விழுந்த கையைப் பாத்திரத்துக்குள் வைத்து வட்டமாகச் சுற்ற வைத்தார். மாதங்கள் சென்றன. தந்தை எழுந்தார், நடந்தார், மீண்டும் கல்லூரியில் பாடம் நடத்தினார். சில ஆண்டுகளுக்குப் பின் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்தபோது, பழைய சேதம் பெரும்பகுதி ஆறாமல் அப்படியே இருந்தது! அழிந்த பகுதி திரும்பவில்லை. மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தன. அவருடைய மூத்த மகன் பால், மூளையின் இந்த மாறும் தன்மையை ஆராய்வதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் வேறொன்றைக் கண்டார். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சி செல்லும் நரம்பை அறுத்தால், அந்தக் கையை அது பயன்படுத்துவதே இல்லை. நல்ல கையைக் கட்டி வைத்தால், அதே கையைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. ஆகவே கை முழுவதும் செத்துப்போகவில்லை. பயன்படுத்தாமல் இருக்கக் குரங்கு கற்றுக்கொண்டது. அந்தக் குரங்குகள் பட்ட துன்பத்துக்காக 1981-இல் பெரிய வழக்கே நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த அறிவிலிருந்து, நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி பிறந்தது. 2006-இல் அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஓரளவு அசைவு மிஞ்சியிருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி பயன் தருகிறது என்று காட்டியது. இதைப் பயிற்சியாளர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது. நல்ல கையைக் கட்டிவிட்டால் விழும்போது தாங்க முடியாமல் போகும்.

இதைப் படித்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று: மெதுவாக எழுதும் பிள்ளையின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி நீ எழுதிக் கொடுக்காதே. பள்ளியில் இருபது ஆண்டுகளாக அதைக் கடைப்பிடிக்கிறோம். வீட்டிலோ அம்மாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியவர்கள் நாங்கள்தாம். பாசம் என்ற பெயரில், பயன்படுத்தாமல் இருக்க அந்தக் கைக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் நாங்கள்தாம்.

இந்த வரலாற்றில் இன்னொரு தமிழர் இருக்கிறார். வி. எஸ். இராமச்சந்திரன், 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேராசிரியரானார். கை வெட்டப்பட்ட பிறகும் அந்த இல்லாத கை வலிக்கிறது என்று சொல்பவர்களை அவர் 1990-களில் ஆராய்ந்தார். ஓர் அட்டைப் பெட்டி, நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இவ்வளவுதான் கருவி. நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்து அசைத்தால், கண்ணாடிக்குள் தெரியும் உருவம் இழந்த கை அசைவது போலவே தோன்றும். சிலருக்கு வலி தணிந்தது. விலையுயர்ந்த இயந்திரம் செய்யாததைச் சந்தையில் கிடைக்கும் கண்ணாடி செய்தது!

1999-இல் எரிக் ஆல்ட்ஷூலர் என்பவரும் இராமச்சந்திரனும் இன்னும் சிலரும் சேர்ந்து, பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் இதே கண்ணாடிப் பயிற்சியைச் சோதித்து, நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டனர். ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் பிறகு பல நாடுகளில் சோதனை நடந்தது. 2018-இல் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், வழக்கமான பயிற்சியோடு கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்தால் கை கால் அசைவும் அன்றாட வேலை செய்யும் திறனும் ஓரளவு முன்னேறுகின்றன என்று முடிவு கூறினர். மந்திரம் அன்று, ஓரளவு. அந்த ஓரளவே ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது!

நம் மலேசியாவிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ என்னும் பெண்மணி, தம்மைப் போன்றவர்களுக்காக 1996-இல் ‘நாசம்’ என்று அழைக்கப்படும் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். பெட்டாலிங் ஜெயா, பினாங்கு, ஈப்போ முதலிய ஊர்களில் அதன் பயிற்சி நிலையங்கள் தோன்றின. தொழிலாளர்களுக்காக 1971-இல் தொடங்கிய சொக்சோ, அதாவது பெர்கேசோ, வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தை 2007-இல் தொடங்கி, 2014-இல் மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. 60 வயது நிறையாத சந்தாதாரர் ஒருவர் நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், சந்தா விதிகளுக்கு உட்பட்டு ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். நோய் வேலையினால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ‘வேலையில் அடிபட்டால்தானே சொக்சோ’ என்று எண்ணிப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? மருத்துவமனைப் பயிற்சியாளர் ஒருவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “கையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்பதே. அன்று முதல் கம்பளியை எடுத்தோம். கையை மேசைமேல், அம்மாவின் கண்ணெதிரே வைத்தோம். நாங்கள் அவருடைய இடப் பக்கம் அமர்ந்து பேசினோம். காலையும் மாலையும் துண்டு, சாக்குத் துணி, பஞ்சு என்று ஒவ்வொன்றாலும் அந்தக் கையைத் தடவி, “இது உன் கைம்மா. இது கட்டை விரல், இது சுண்டு விரல்” என்று சொன்னோம். முகம் கழுவும்போது இரண்டு கையும் சேர்ந்தே தண்ணீரைத் தொட வேண்டும். வெந்நீரை எப்போதும் நல்ல கை முதலில் சோதிக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

பிறகு பயிற்சியாளர் காட்டியபடி கண்ணாடி வைத்தோம். கண்ணாடி நெஞ்சுக்கு நேராக நடுவில் நிற்கும். வலக் கை அதன் முன்னே, இடக் கை அதன் பின்னே. வலக் கையை மெல்லத் திறந்து மூடியபடி, கண்ணாடிக்குள் தெரியும் கையையே அம்மா பார்க்க வேண்டும். தினம் அரை மணி நேரம், களைத்தால் ஓய்வு. முதல் வாரம் அம்மாவுக்குச் சலிப்பு. மூன்றாம் வாரம் ஒருநாள், கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, “இந்த விரலு கொழுந்து பறிச்ச விரலுதான்” என்றார். கண்ணாடிக்குள் தெரிந்தது வலக் கையின் உருவம்தான். ஆனால் ‘யார் கை’ என்ற கேள்வியை அதன்பின் அவர் கேட்கவில்லை.

முழுவதும் திரும்பியதா? இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். இடக் கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார், கைத்தடி வேண்டும். இடக் கை சட்டைப் பொத்தானைப் போடாது. ஆனால் அது பயற்றங்காயைப் பிடித்துக்கொள்கிறது; வலக் கை நறுக்குகிறது. எட்டு மாதம் ஆயிற்று அதற்கு. இழந்த அந்த முதல் இரண்டு மாதத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மனம் கனக்கிறது. தொடக்க மாதங்களில்தான் முன்னேற்றம் விரைவாக இருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதன் பிறகு வாசல் அடைந்துவிடுவதில்லை, நடைதான் மெதுவாகிறது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சுக் குழறினால், அந்த நிமிடமே 999-ஐ அழையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம்முடைய மலைச் சாலை நீண்டது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்று காத்திருக்காதீர்கள். வாயில் காப்பி, மருந்து எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நோய் வராமல் காக்க, இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீரையும் தவறாமல் சோதியுங்கள். புகையையும் மதுவையும் விடுங்கள்.

வந்துவிட்டால், அந்தக் கையை ஒளித்து வைக்காதீர்கள். பொறுமையுள்ள ஆசிரியர் மந்தமான பிள்ளையின் பக்கத்தில் அமர்வது போல அதன் பக்கத்தில் அமருங்கள். நீங்கள் செய்து கொடுப்பதைவிட, அவர் செய்யும் வரை காத்திருப்பது கடினம். அந்தக் காத்திருப்புத்தான் உண்மையான தொண்டு.